ஆறால் வகுபடாத எண்

நீங்கள் அந்தத் திரையைப் பார்க்கவே இல்லை. பார்த்ததாக அறிக்கையில் பொய் எழுதினீர்கள்.

நீங்கள் எங்கள் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி. ஒரகடத்தில், பிளாஸ்டிக் கிளிப் அடிக்கும் மெஷினில் என் தோழியின் வலது கை மாட்டி மூன்று விரல்கள் போயின. கதவைத் திறந்ததும் மெஷினை நிறுத்த வேண்டிய சென்சாரை இரண்டு நாள் முன்பே அணைத்து வைத்திருந்தார்கள். மெஷின் திரையின் அடியில் அந்த எச்சரிக்கை சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. உங்கள் அறிக்கையோ, விபத்து நடந்ததும் நீங்களே திரையைப் பார்த்ததாகவும், எச்சரிக்கை எதுவும் இல்லை என்றும், கிளிப்பை எண்ணும் கவுண்ட்டர் 48,17,306-இல் நின்றது என்றும் சொல்கிறது. ஆகவே தப்பு அவளுடையதாம். இன்று அவள் சஸ்பெண்டில் இருக்கிறாள். கவுண்ட்டரை மறுநாள் காலையிலேயே சைபராக்கிவிட்டார்கள்.

கிளிப்புக்கு வடிவம் கொடுக்க அந்த மெஷினில் மாட்டியிருக்கும் அச்சில் ஆறு குழிகள். ஒருமுறை மூடித் திறந்தால் ஆறு கிளிப் விழும், கவுண்ட்டர் ஆறு ஏறும். கெட்டுப்போன கிளிப்பையும் சேர்த்தே எண்ணும். அச்சை மாட்டிய அன்று சைபரில் வைத்தவள் நான். அதனால் அந்தத் திரையில் எந்த நேரம் பார்த்தாலும் ஆறால் வகுபடும் எண்தான் இருக்கும். ஷிஃப்டு முடிந்து எண்ணைத் தாளில் எழுதும்போது நாங்கள் சரிபார்ப்பதும் அப்படித்தான். கடைசி இலக்கம் இரட்டையா, இலக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றால் வகுபடுகிறதா என்று பார்ப்போம். இல்லாவிட்டால் திரும்பப் போய்த் திரையைப் பார்ப்போம்.

உங்கள் எண் இரட்டைதான். ஆனால் கூட்டினால் இருபத்தொன்பது. மூன்றால் வகுத்தால் இரண்டு மிஞ்சுகிறது. 48,17,304 நிற்கலாம், 48,17,310 நிற்கலாம். நடுவில் எதுவும் நிற்காது.

உங்கள் அறிக்கையைச் சூப்பர்வைசரிடம் காட்டினேன்.

"ஒரு நம்பர்தானேம்மா. எழுதறப்ப ஒண்ணு மாறிப் போயிருக்கும். நீ இன்னா கணக்கு டீச்சரா?"

"மூணு எடத்துல அதே நம்பர் கீது சார். எழுத்தால வேற எழுதிக்கீறாரு. மூணு வாட்டியுமா மாறும்?"

"லைனுக்குப் போம்மா" என்றார்.

அந்த எண் என்னை விடுவதில்லை. சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது உள்ளங்கையில் விரலால் எழுதி வகுக்கிறேன். இரண்டு, பதின்மூன்று, இருபத்தொன்பது, 6389. இவற்றைப் பெருக்கினால் அது வருகிறது. கூட்டினாலும் இருபத்தொன்பது, வகுப்பதும் இருபத்தொன்பது. இதைக் கண்டுபிடித்த அன்று யாரோ பின்னால் நிற்பதுபோலத் திரும்பிப் பார்த்தேன். மூன்று மட்டும் எத்தனை தடவை பார்த்தாலும் அதற்குள் இல்லை. கம்பெனி பஸ் நம்பர், கேஸ் சிலிண்டர் நம்பர் என்று எதைப் பார்த்தாலும் இப்போது கூட்டிவிடுகிறேன். வகுபடாத எண் வந்தால் அன்று முழுக்க அந்த மெஷின் மூடும் சத்தம் காதிலேயே இருக்கிறது.

படப்பையில் அவள் அறைக்கு ஞாயிற்றுக்கிழமை போனேன். இடது கையால் எனக்குச் சோறு போட்டாள்.

"இன்னாக்கா, இன்னிக்காவது வகுந்துச்சா?"

"இல்லடி."

"வுடுக்கா. என் கையிலயும் மூணு இல்ல, அதுலயும் மூணு இல்ல. ரெண்டும் சொந்தக்காரங்க போலக்கீது."

சிரித்தாள்.

தினமும் காலை ஷிஃப்டுக்கு முன் எங்களை வரிசையில் நிறுத்தி, மைக்கில் பாதுகாப்பு உறுதிமொழி சொல்ல வைக்கிறீர்கள். நாளைக்கு அதே மைக்கில், அத்தனை பேர் முன்னாலும் நீங்கள் பதில் சொல்லுங்கள். 48,17,306 என்ற எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள்?