மூன்றே கட்டக் குதிரை

போன சனிக்கிழமை என் சொந்தக் கம்பெனியில், என் சொந்தத் தொழிலாளிகளிடம், சாப்பாட்டு நேரத்தில் நான் தோற்றுப்போனேன். ஒரு தடவை இல்லை... உட்கார்ந்த ஆட்டமெல்லாம்.

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு நான் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இன்றைக்குக் கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் என் அட்டைப்பெட்டி ஏறாத லாரி ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். தோற்பது நமக்குப் பழக்கமே இல்லாத விஷயம்.

நடந்தது இதுதான். எங்கள் வேஸ்ட்டை எடுக்க வருகிற பழைய பேப்பர் வண்டியில் ஓர் அட்டை துருத்திக்கொண்டு நின்றது. அட்டையைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. இழுத்தேன். குதிரைப் பந்தயம் – அந்தக் காலத்து விளையாட்டு. பின்பக்கம் துணி ஒட்டி, நடுவில் மடக்கும்படி செய்திருந்தார்கள். பச்சைப் புல்தரை, கலர் கலராகச் சட்டை போட்ட ஜாக்கிகள், இரண்டிலிருந்து பன்னிரண்டு வரை நம்பர் போட்ட குதிரைகள். கலர் கொஞ்சம்கூட மங்கவில்லை. வாழ்நாளெல்லாம் பெட்டிக்கு பிரிண்ட் அடித்த நானே அசந்துவிட்டேன்.

கீழ் மூலையில் 'ஆக்கம்: தேவசகாயம், ஆரணி' என்று இருந்தது. பட்டுக்குப் பேர்போன ஆரணி இல்லை. நம்ம புதுவாயல் பக்கத்து ஆரணி. அதற்கும் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி – 'கட்டங்களில் அச்சுப்பிழை இல்லை.'

கேட்டீர்களா கூத்தை? பிழை விட்டவன்தானே இப்படி முந்திக்கொண்டு சொல்வான்?

பிழையும் பளிச்சென்று தெரிந்தது. ஏழாம் நம்பர் குதிரைக்குப் பதினேழு கட்டம். இரண்டாம் நம்பருக்கு மூன்றே மூன்று. ஒரே மைதானத்தில் ஒருத்தன் பொன்னேரிக்கு ஓடுகிறான், இன்னொருத்தன் பக்கத்து டீக்கடைக்கு ஓடுகிறான். இது பந்தயமா?

ஆட்டம் சுலபம். இரண்டு பகடையை உருட்ட வேண்டும். விழுந்ததைக் கூட்டினால் என்ன நம்பரோ அந்தக் குதிரை ஒரு கட்டம் நகரும். குதிரை பொம்மைகள் தொலைந்துவிட்டதால் மிஷின் நட்டுகளை வைத்தோம். நான் எந்தக் குதிரையை எடுத்திருப்பேன்? சந்தேகமென்ன – இரண்டாம் நம்பர். குறுக்கு வழி கண்ணில் பட்டால் விடுகிற ஆளா நான்?

என் குதிரை கேட்டைத் தாண்டவில்லை. ஏழும் எட்டும் ஆறும் பறந்தன. ஏழை எடுத்திருந்தது ரோசி. பெட்டி மூட்டுக்கு ஸ்டேப்ளர் மாதிரி கம்பிப் பின் அடிக்கிற பழைய மிஷினில் உட்காருகிற பெண். எஸ்டேட்டில் பாதிப் பேருக்கு நான் 'நைனா', அவளுக்கும் அப்படித்தான்.

"இன்னா நைனா, ஒங்க குதிர படுத்துக்கினு கீது. நாஷ்டா துன்னலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவளுக்குப் பின்னால் சுவரில் இருந்த பலகையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அது என் மகன் சரவணன் மாட்டிய பலகை. இன்ஜினியர். ஒரு மணி நேரத்தில் யார் எத்தனை பெட்டிக்குக் கம்பிப் பின் அடித்தார்கள் என்று தினமும் எழுதுவான். எல்லோருக்கும் ஒரே டார்கெட். மூன்று மாதம் தொடர்ந்து எட்டாதவர்களுக்கு அடுத்த ஒன்றாம் தேதி முதல் வேலை கிடையாது. ரோசி பேர் கடைசியில் இருந்தது, மூன்றாவது மாதமாக. மகளை நர்சிங்கில் சேர்த்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை அவளுக்கு. ரூல் என்றால் ரூல்தான் என்று நானும் பேசாமல் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. தோற்ற கடுப்பு ஒரு பக்கம், அந்தப் பொடி எழுத்து ஒரு பக்கம். காரை எடுத்தேன். தேவசகாயம் குடும்பத்தில் யாராவது இருந்தால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவது – ஐயா, இது அச்சுப்பிழைதான்!

சர்ச் தெருவில் விசாரித்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். தேவசகாயம் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. மகள் கிருபையம்மா இருந்தார். என்னைவிடப் பெரியவர். கையில் அட்டையைப் பார்த்ததுமே கேட்டார்:

"இன்னா தம்பி, நீங்களும் தப்புன்னு சொல்லத்தான் வந்தீங்களா?"

என்னைத் 'தம்பி' என்று யாராவது கூப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று! உட்கார்ந்துவிட்டேன்.

அவருடைய அப்பா ஒரு பிரஸ்ஸில் அச்சுக் கோர்த்தவராம். சொந்தமாக இந்த விளையாட்டை யோசித்து, கையிலிருந்ததைப் போட்டு அச்சடித்து, மெட்ராஸ் கடைகளுக்குக் கொடுத்தாராம். எல்லாம் திரும்பி வந்துவிட்டன. காரணம்? கட்டம் தப்பாம். சமமாகப் போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றார்களாம் கடைக்காரர்கள். மனுஷன் மாட்டேன் என்றிருக்கிறார். அடுத்த தடவை அச்சடித்தபோது அந்தப் பொடி வரியைச் சேர்த்தார் – அவ்வளவுதான். அதுவும் திரும்பி வந்தது. போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோதுதான் மிச்சமிருந்த அட்டைகளைப் பேப்பர்காரரிடம் போட்டார்களாம்.

கிருபையம்மா பகடையை எடுத்து என் கையில் கொடுத்தார். உருட்டச் சொன்னார். உருட்டினேன். இரண்டு வரவே இல்லை. வர வேண்டுமானால் இரண்டு பகடையிலும் ஒன்று விழ வேண்டும். வேறு வழியே கிடையாது. ஏழுக்கு அப்படியா? ஆறும் ஒன்றும், ஐந்தும் இரண்டும், நாலும் மூணும்... எப்படி விழுந்தாலும் ஏழு.

"ரெண்டு எப்பவாச்சும்தான் உழும். அது அந்தக் குதிரயோட குத்தமா தம்பி? அதான் அப்பா தூரத்தக் கொறச்சாரு. யாரு ஜெயிப்பாங்கன்னு மொதல்லயே தெரிஞ்சா அப்புறம் எவன் வந்து ஆடுவான்?"

திரும்பும்போது புதுவாயலில் ஹைவேயைத் தாண்டக் காத்திருந்தேன். அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஷெட்டில் எல்லாம் புது மிஷின், ஒன்றைத் தவிர. அந்தப் பழசு நான் தொழில் தொடங்கியபோது செகண்ட் ஹேண்டில் வாங்கியது. என்னை முதலாளி ஆக்கிய மிஷின். விற்கவே கூடாது என்று அடம் பிடிப்பவன் நான். அதில் கம்பி அடிக்கொரு தரம் சிக்கும். ரோசிக்கு விழுவதே எப்பவாவதுதான்... நாங்கள் வைத்ததோ ஏழாம் குதிரையின் தூரம்.

திங்கட்கிழமை சரவணனிடம் சொன்னேன். ஒத்துக்கொள்வானா?

"ஒருத்தருக்குக் கொறச்சா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்கப்பா."

"சரி. ஒரு மணி நேரம் நீயே அதுல ஒக்காந்து பாரு."

உட்கார்ந்தான். பெடலை மிதித்தான், கம்பி சிக்கியது. பிரித்தான், மிதித்தான், மறுபடி சிக்கியது. சட்டை நனைந்துவிட்டது. மொத்த ஷெட்டும் வேலை செய்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு அவனையே பார்த்தது. மணி முடிந்தபோது அவன் கணக்கு ரோசி கணக்கில் பாதிகூட இல்லை.

ரோசி சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் போனாள்.

"சார், ஒங்க பேர எனக்குக் கீழ எழுதட்டா?"

இந்த வாயாலேயே வேலை போச்சு இவளுக்கு என்று நினைத்தேன். சரவணன் அவளையே பார்த்தான். அப்புறம் சிரித்துவிட்டான். சாக்பீஸை வாங்கி, பழைய டார்கெட்டை அழித்து, ஒவ்வொரு மிஷினிலும் தானே உட்கார்ந்து பார்த்த பிறகு புதுசு எழுதப்போவதாகச் சொன்னான். வியாழக்கிழமை எழுதியும் விட்டான். ரோசி பேர் நடுவில் இருக்கிறது. ஒன்றாம் தேதிக்குப் பிறகும் இருக்கும்.

இதில் ஒரே ஒரு வருத்தம். ஷெட்டில் எல்லோரும் 'சின்ன முதலாளிக்கு என்ன மனசு, என்ன மனசு' என்கிறார்கள். யோசனை என்னுடையது என்பதை இதன்மூலம் சம்பந்தப்பட்ட அனைவருக்கும் தெரிவித்துக்கொள்கிறேன்.