தீய்ந்த கஞ்சியும் ஹாஜா மைதீனின் மூக்கும்

என் வீட்டுக்காரர் ஹாஜா மைதீனைப் பற்றி மேற்குத் தாம்பரத்தில் யாரைக் கேட்டாலும் "தங்கமான மனுஷன்" என்பார்கள். சொல்லட்டும். அந்தத் தங்கத்தோடு குடித்தனம் நடத்துகிறவள் நான்தான். இப்படி வீம்பு பிடித்த ஆளை நான் பார்த்ததே இல்லை.

சின்ன வயதில் கல்யாண மண்டபத்துக்கு வெங்காயம் உரிக்க வந்தவர். இன்றைக்குக் குரோம்பேட்டையிலிருந்து வண்டலூர் வரை விசேஷம் என்றால் பிரியாணிக்கு அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். ரமலான் வந்துவிட்டால் எங்கள் தெருப் பள்ளிவாசலின் நோன்புக் கஞ்சியும் அவர் கையால்தான். தானும் நோன்பு என்பதால் ருசி பார்க்க மாட்டார். நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம், தப்பில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லிவிட்டார். இவர் கேட்டால்தானே? கஞ்சி கொதிக்கும் தேக்சாவின் மேல் குனிந்து ஆவியை ஒரு இழுப்பு இழுத்து, "பூண்டு இன்னும் வேவல" என்பார். அது சரியாகத்தான் இருக்கும், அதில் குறை சொல்ல மாட்டேன்.

இந்த வருஷம் நோன்புக்கு முன்னால் அவருக்குச் சளி பிடித்தது. விட்ட மாதிரி இருந்து, திரும்பி வந்தபோது தலைவலியையும் கூட்டிக்கொண்டு வந்தது. கேட்டால், "பகல்ல டீ இல்லல்ல, நோன்புத் தலைவலி" என்றார். எனக்கும்தான் நோன்புத் தலைவலி வருகிறது. நோன்பு திறந்து ஒரு டீ உள்ளே போனால் ஓடிவிடும். இவருக்கு டீக்கு மேல் டீ குடித்தும் போகவில்லை. கண்ணுக்குக் கீழே, கன்னத்தில் வலி. மேல் பல் வலிக்கிறது என்று பேரீச்சம்பழத்தை ஒரு பக்கமாகவே மென்றார். மூக்கிலிருந்து பச்சையாக வந்தது. தொழும்போது சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தால் முகமே வெடிக்கிற மாதிரி இருக்கிறதாம். அதை என்னிடம் சொல்லவில்லை, என் தம்பி பர்வேஸிடம் சொல்லியிருக்கிறார்!

"டாக்டர்கிட்ட போலாம் வாங்க" என்றேன்.

"மூக்குல சொட்டு மருந்து போடுவாங்க, நோன்பு முறிஞ்சிடும். பெருநாள் கழிச்சிப் பாத்துக்கலாம்."

தைலத்தை நெற்றியில் அப்பிக்கொண்டு தேக்சா முன்னால் போய் நின்றார்.

அந்த வெள்ளிக்கிழமை கஞ்சி அடி பிடித்துவிட்டது. கூட நின்று வேலை செய்த பர்வேஸ், "மச்சான், அடி புடிச்சிகீது. கிண்டாதீங்க, மேலாக்கா மொண்டு வேற ஏனத்துல ஊத்திடலாம்" என்றிருக்கிறான்.

"என் மூக்குக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்று கேட்டு, வேண்டுமென்றே கரண்டியை அடிவரை விட்டுக் கிண்டினாராம். பகலெல்லாம் பட்டினி கிடந்த ஜனங்கள் தீய்ந்த கஞ்சியைக் குடித்தார்கள். ஒருத்தரும் குறை சொல்லவில்லை. தங்கமான மனுஷன் அல்லவா! "மாஷா அல்லாஹ், பிரமாதம் பாய்" என்று வேறு சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த மரியாதையைக் கொண்டுபோய் அடுப்பில் போட.

வீட்டுக்கு வந்தும் பர்வேஸைப் பொறாமைக்காரன் என்று திட்டிக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளிவாசலிலிருந்து தேக்சாவை எடுத்துவரச் சொல்லி, அடியில் கரியாய் ஒட்டியிருந்ததைச் சுரண்டித் தட்டில் வைத்தேன். கண்ணை மூடச் சொல்லி மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"இன்னா வாசம் வருது, சொல்லுங்க."

இழுத்தார். மறுபடியும் இழுத்தார். "புதினா" என்றார்.

கண்ணைத் திறந்து தட்டைப் பார்த்தார். பிறகு, "சித்திகா, இனிமே என்னால சமைக்க முடியாதா?" என்று கேட்டார். யா அல்லாஹ், அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

விடிந்தபோது ஒரு கண் இமை வீங்கி மூடிக் கிடந்தது. உடம்பு கொதித்தது. ஹஜ்ரத்துக்குப் போன் போட்டு இவர் காதில் வைத்தேன். "நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை குடுத்துகீறான் பாய், விட்ட நோன்பப் பின்னால நோத்துக்கலாம், மொதல்ல கெளம்புங்க" என்றார். அதற்கப்புறம்தான் இவர் ஆட்டோவில் ஏறினார்.

காது மூக்கு டாக்டர் மிருதுளா எங்களுக்கு நல்ல டோஸ் கொடுத்தார். "இது சைனஸ்ல இன்ஃபெக்ஷன். குனிஞ்சா வலி, பல் வலி, வாசனை தெரியல, சளி விட்டுட்டுத் திரும்ப அதிகமாகுது, இத்தனைக்கும் அப்புறமும் தைலமா? கண்ணு வீங்கிட்டா ஒரு மணி நேரம்கூட வீட்ல வெச்சிருக்கக் கூடாதும்மா, பார்வையே போயிடும்." உடனே அட்மிஷன் போட்டு ஊசியில் மருந்து ஏற்றினார்கள்.

கண் வீக்கம் வடிந்து வீட்டுக்கு வந்தார். கொதிக்கவைத்து ஆறிய உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவச் சொல்லியிருந்தார்கள். கன்னத்தில் வெந்நீர்த் துணி வைத்தேன். தலைவலி ஓடிவிட்டது, ஆனால் வாசனை வரவில்லை. "வரும், நாளாகும்" என்றார் டாக்டர். பள்ளிவாசலில் பர்வேஸ் கஞ்சி காய்ச்சினான். இவர் மிளகுத்தூள் டப்பாவைத் திறந்து திறந்து மோந்து பார்த்து மூடி வைத்தார். பெருநாள் பிரியாணிக்கு வந்து கேட்டவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார். என்னோடு சண்டை போடக்கூட வரவில்லை.

பெருநாள் போய், ஒரு நாள் காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி அலசிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து சத்தம் வந்தது.

"சித்திகா! பால் தீயுது!"

ஓடிப்போய் அடுப்பின் திருகில் கையை வைத்தேன். பிறகு கையை எடுத்துவிட்டேன்.

"இன்னாது? காதுல வுழல" என்றேன்.

"பால் தீயுதுடி! மூக்கு இல்ல உனக்கு?"

அடுப்பை அணைக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை கத்தட்டும் என்று அங்கேயே நின்றேன்.