வெள்ளையில் விழுந்த கீறல்

மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் மூத்த டெக்னீஷியன். மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள் என்று பெயர். அந்தப் பெயரை நான் மறுத்ததும் இல்லை. எனக்கு எதிரே, ஜன்னலோர மேசையில் லேபிள் அடிக்கிறவர்தான் கோட்டம்மா. ரத்தக் குழாய்களில் ஒட்டுகிற பார்கோடு முழுக்க அவர் கையிலிருந்துதான் வரும். கோடு அடிப்பதால் கோட்டம்மா, வேறு காரணம் இல்லை.

இங்கே வருவதற்கு முன் பதினோரு வருஷம் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டியவர். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் போய்விட்டது. பருப்பு டப்பாவில் லேபிள், மகளின் செருப்புப் பெட்டியில் லேபிள். "என் முதுகு ஒண்ணுதான் பாக்கி" என்று லாரி ஓட்டும் அவர் வீட்டுக்காரர் ஒருமுறை என்னிடம் அலுத்துக்கொண்டார். "ஒட்டியிருந்தா நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்திருப்பீங்க" என்றார் கோட்டம்மா, தலையைத் தூக்காமலே.

காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன் அவர் செய்கிற வேலை ஒன்று உண்டு. பிரிண்டரின் மூடியைத் திறப்பார். எழுத்தைச் சூட்டால் பதிக்கிற அந்த மெல்லிய பட்டையை ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒரே திசையில் துடைப்பார். ஒரு வெள்ளோட்ட லேபிள் அடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, மூன்று தடவை ஸ்கேன் செய்து, தேதி போட்டு நோட்டில் ஒட்டுவார். "என்னம்மா, பிரிண்டருக்குப் பல் தேய்ச்சு விட்டாச்சா?" என்று நான் தினமும் கேட்பேன். அவரும் தினமும் சிரிப்பார்.

அக்கா மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு போட்டார். போகும்போது என்னிடம், "அண்ணா, கோடு வெளுத்தா துடைங்க. சூட்டை மட்டும் ஏத்தாதீங்க" என்றார். நான் தலையாட்டினேன். எந்தக் காதில் வாங்கினேனோ தெரியவில்லை.

இரண்டாம் நாள் பிரிண்டரில் புது லேபிள் ரோல் மாட்டினோம். கோடு வெளுத்தது. நான் சூட்டை ஏற்றினேன். கோடுகள் கன்னங்கரேல் என்று வந்தன. பார்க்க அவ்வளவு அழகு! ஆனால் பரிசோதனை இயந்திரம் பத்துக்கு இரண்டைத் திருப்பி அனுப்பியது. இன்னும் கருப்பாக இருந்தால் படிக்கும் என்று நினைத்து இன்னும் ஏற்றினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் லேபிள் உள்ளே சிக்கிக்கொண்டு பசை பட்டையில் அப்பிக்கொண்டது. எனக்கு வந்ததே ஆத்திரம், கத்தரிக்கோல் முனையால் சுரண்டி எடுத்தேன். எடுத்ததை யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை கோட்டம்மா வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, குழந்தைகள் வார்டு நர்ஸ் ஓடி வந்தாள். கையில் சுண்டுவிரல் பாதி உயரத்துக்கு ஒரு குழாய். அதன் அடியில் நாலைந்து சொட்டு ரத்தம்.

"குறைமாசக் குழந்தை சார். பொறந்து ரெண்டு நாள். குதிகால்ல நாலு தடவை குத்தி இவ்வளவுதான் கிடைச்சுது. வார்டு மீட்டர் காட்டுறது நம்புற மாதிரி இல்ல, லேப் சுகர் உடனே வேணுமாம். இன்னொரு தடவை குத்த டாக்டருக்கே மனசு வரல."

லேபிள் அடித்து ஒட்டினோம். இயந்திரம் திருப்பி அனுப்பியது. இன்னொன்று அடித்தோம், அதையும் திருப்பியது. எண்ணைக் கையால் தட்டி உள்ளே அனுப்பலாம்தான். ஆனால் முன்பொரு முறை அப்படித் தட்டியதில் இரண்டு பேருடைய முடிவு மாறிப்போய், அன்றிலிருந்து கையால் தட்டத் தடை. அந்தச் சின்னக் குழாய்க்கான லேபிள் அடிக்க வேறு பிரிண்டரும் இல்லை. ரத்தத்தை வைத்துக்கொண்டே இருந்தால் அதிலுள்ள சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். அரை மணி தாண்டினால் வருகிற எண் பொய். மறுபடியும் அந்தக் குதிகாலில்தான் ஊசி ஏற வேண்டும்.  பிரிண்டர் இப்படி ஆன காரணம் எனக்கு மட்டும்தானே தெரியும்!

கோட்டம்மா லேபிளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"கோடு உப்பிப்போயிருக்குண்ணா. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. மெஷினுக்குக் கறுப்பு மட்டும் போதாது, நடுவுல இருக்கிற வெள்ளையும் வேணும்."

சூட்டைப் பாதிக்கு இறக்கினார். காகிதம் ஓடும் வேகத்தையும் குறைத்தார். மெதுவாக ஓடினால் குறைந்த சூடே போதுமாம். அடுத்த லேபிளில் கோடுகள் விலகி நின்றன. ஸ்கேன் செய்தார். படிக்கவில்லை.

லென்ஸை எடுத்தார். கோடுகளுக்கு இணையாக, மேலிருந்து கீழாக, ஒரு வெள்ளை மயிரிழை. மெல்லிய கோடு ஒன்றைச் சரியாகப் பாதி தின்றிருந்தது. மூடியைத் திறந்து பட்டையைப் பார்த்தார். ஒரு நொடி அவர் கை நின்றது. பிறகு மூடிவிட்டார்.

"கீறல் விழுந்திருக்கு. அந்த இடத்துல இனிமே சூடு ஏறாது. புதுப் பட்டை வர ரெண்டு நாளாகும்" என்றார் நர்ஸிடம்.

நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப திரும்பக் குத்தணுமா?"

"இருங்க. கீறல் அங்கேயேதான் இருக்கும். கோட்டை நகர்த்த முடியுமே."

 கோட்டம்மா லென்ஸுக்குள் பார்த்துக்கொண்டே உதட்டுக்குள் எண்ணினார். கணினியில் கோடுகள் முழுவதையும் மயிரிழை மயிரிழையாக வலப்பக்கம் தள்ளினார். ஒன்று அடித்தார், போதவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி மறுபடி அடித்தார். இப்போது கீறல் இரண்டு கோடுகளுக்கு நடுவில், வெள்ளையின் மேல் விழுந்திருந்தது. வெள்ளையில் வெள்ளை விழுந்தால் யாருக்குத் தெரியும்?

முப்பது வருஷமாக இந்தக் கூடத்தில் இருக்கிறேன், எத்தனையோ பெரிய டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நிமிஷம் எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது எனக்கு.

குழாயில் ஒட்டினோம். இயந்திரம் ஒரே தடவையில் 'கீச்' என்று வாங்கிக்கொண்டது. ரத்தம் எடுத்து இருபத்திரண்டாவது நிமிஷம். முடிவு வந்ததும் நர்ஸ் ஓடினாள். சர்க்கரை அபாயகரமாகக் குறைந்திருந்தது. பத்து நிமிஷத்தில் குழந்தைக்குக் குளுக்கோஸ் ஏறிவிட்டதாக போன் வந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்கு நாக்கு வந்தது. "நான்தாம்மா சுரண்டினேன். கத்தரிக்கோலால."

"தெரியும்ணா. கத்தரிக்கோல் முனையில பசை இருந்துச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"உங்களைத் திட்டுற நேரத்துல ரத்தம் கெட்டுப்போயிருக்கும்ல?" என்றார். பிறகு அடுத்த நோயாளிகளுக்காக லேபிளின் அமைப்பையே பக்கவாட்டில் திருப்பினார். கீறல் இனி எந்தக் கோட்டையும் முழுதாகத் தின்னாது, எல்லாக் கோட்டையும் குறுக்கே ஓரிடத்தில்தான் தொடும் என்றார். அன்றைய வெள்ளோட்ட லேபிளை நோட்டில் ஒட்டி, கீழே 'கீறல், இன்று பார்த்தது' என்று மட்டும் எழுதினார். யார் என்று எழுதவில்லை. 

ஐந்து வாரம் கழித்து அந்தக் குழந்தை வீட்டுக்குக் கிளம்பியது. கடைசிப் பரிசோதனைக்காக அம்மா எங்கள் ஜன்னலுக்குத் தூக்கி வந்தாள். காலில் கோட்டம்மா பார்கோடு அடித்த அடையாளப் பட்டி. பக்கத்திலேயே குதிகாலில் நாலு சின்னத் தழும்புகள். அன்றைக்குப் பிறகு ரத்தமெல்லாம் கை நரம்பிலிருந்துதான் எடுத்தார்களாம். நான் எண்ணிப் பார்த்தேன். ஐந்தாவது இல்லை.

கோட்டம்மா அந்தப் பட்டியின் மேல் ஸ்கேனரைக் காட்டினார். 'கீச்' சத்தத்துக்குக் குழந்தை திடுக்கிட்டு விழித்து, வீறிட்டு அழுதது.

"அடேயப்பா, என்ன குரல்!" என்றார் கோட்டம்மா.

இப்போதெல்லாம் காலையில் பிரிண்டர் பட்டையைத் துடைப்பது நான்தான். "பல் தேய்ச்சாச்சாண்ணா?" என்று அவர் கேட்கிறார்.