பாமாக்காவுக்கு வந்த கூடைகள்

விடியற்காலையில் எங்கள் ஒழுங்கைத் தெருவை எழுப்புவது கோயில் மணி இல்லை, பாமாக்காவின் போனுக்குள் இருந்து கூவுகிற சேவல். அது ஒரு கேம் கம்பனியின் சேவல். சத்தத்தைக் குறைக்கத் தெரியாமல் இல்லை, அவர் குறைக்கமாட்டார். ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டி, அதைப் பிடித்துக் குழம்பு வைத்தால் என்ன என்று கேட்டேன். கனடாச் சேவலுக்கு எங்கள் சட்டி காணாது என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி போனுக்குள் குனிந்துவிட்டார்.

சத்தியபாமா என்பது முழுப்பெயர். நயினாதீவில் பிறந்தவர். அரியநாயகத்தைக் கலியாணம் கட்டி மாத்தறைக்குப் போய், கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் சிங்களமும் வியாபாரமும் ஒன்றாகப் பழகியவர். கலவரத்தில் கடை எரிந்தபோது கட்டிய சேலையோடு கப்பலேறி ஊருக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு ஆடு வளர்த்தார், பனங்கிழங்கை ஒடியலாகக் காயப்போட்டு விற்றார், இரண்டு பிள்ளைகளையும் படிக்கவைத்தார். மனுசன் போய்ச் சேர்ந்த பிறகும் ஒருவரிடமும் கை நீட்டவில்லை. அவரிடம் பொய் சொல்லித் தப்ப ஏலாது. நேற்றைய மீனை இன்றைய மீன் என்று விற்கிறவன்கூட அவரைக் கண்டால் கூடையை மூடிக்கொண்டு போய்விடுவான். இது தெரிந்தும் நாங்கள் ஊரோடு சேர்ந்து அவருக்குப் பொய் சொன்னோம். எங்கள் புத்தியை என்னவென்று சொல்ல?

மகள் நிருஜா தாயோடுதான் இருக்கிறாள், புருசன் தர்சனுக்கு வேலணையில் வேலை. மகன் ரஜீபன் மனைவியோடு கனடாவில். ரஜீபன் சின்ன வயதிலேயே வாய் திறக்காத பிள்ளை. கனடாவில் இருந்து போன் எடுத்தாலும் "சாப்பிட்டனீங்களோ" என்பான், பாமாக்கா "ஓம்" என்பார், இவர் "குளிரோ" என்பார், அவன் "ஓம்" என்பான். அதோடு கதை முடியும். மனதில் அன்பில்லாமல் இல்லை, அதை வெளியே எடுக்கத்தான் தெரியாது.

ஒருமுறை ஊருக்கு வந்து நின்றபோது, போகிற அன்று தாயின் போனில் அந்தத் தோட்ட விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். போனுக்குள் ஒரு காணி. அதில் கரட், வெங்காயம், பூசணி எல்லாம் வரும். தாய்க்கு ஒரு காணி, மகனுக்குப் பக்கத்துக் காணி, நடுவில் ஒரு வேலி. பேச்சு வராத இரண்டு பேருக்கும் அது நல்லாய்ப் பிடித்துக்கொண்டது. பாமாக்கா முதலில் போன் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் கிணற்றடி மிளகாய்க் கன்றுக்கு வருவார்.

போன ஆவணியில் அந்தக் கம்பனி பழைய விளையாட்டை நிறுத்திப் புதிய அப் ஒன்றை இறக்கியது. வெகுமதித் திட்டம் என்று ஒன்றையும் சேர்த்து விட்டிருந்தார்கள். நீங்கள் உங்கள் ஆளுக்குத் தினமும் ஒரு கூடை அனுப்பவேண்டும், அவர் உங்களுக்கு ஒன்று அனுப்பவேண்டும். இரண்டு பேருக்கும் புள்ளி ஏறும். புள்ளி சேர்ந்தால் வெள்ளாடு வாங்கலாம், கிணற்றுத் துலா வாங்கலாம், மழை கூட வாங்கலாம். எங்கள் தீவில் மழையை வாங்கலாம் என்றால் யார்தான் விடுவார்கள்? ரஜீபனே போனில் நின்று படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தான். அவனும் தாயும் அவ்வளவு நேரம் கதைத்தது அதுதான் முதல் தடவை என்று நிருஜா சொன்னாள்.

புள்ளியைப் பாமாக்கா பெரிதாக எடுக்கவில்லை. கூடையைத்தான் எடுத்தார். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் இருந்து பாத்திரத்தில் ஏதும் வந்தால், அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டோம். நாலு மாங்காயாவது, ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். பாமாக்கா அந்த வழக்கத்தை அப்படியே போனுக்குள் கொண்டுபோனார். கூடை வந்தவுடன், கையில் பிசைந்த மா ஒட்டியிருந்தாலும் கழுவிவிட்டு வந்து, பதில் கூடை அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை. கூடை வரும்போது போனில் சேவல் கூவும், ஒரு வசனம் விழும்: "ரஜீபன் உங்களை நினைக்கிறார்." கம்பனிக்காரன் எல்லாருக்கும் போடுகிற வசனம்தான். ஆனால் மகன் வாயால் ஒருநாளும் சொல்லாததை அது தினமும் சொன்னது. அவர் அதை எனக்கு வாசித்துக் காட்டுவார். முகத்தில் அப்படியொரு பவிசு.

கார்த்திகையில் ஒருநாள் ரஜீபன் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே குந்தியவன் பிறகு எழும்பவில்லை. நாற்பது வயதுகூட முழுதாக ஆகவில்லை.

செய்தி முதலில் தர்சனுக்குத்தான் வந்தது. அவன் எங்கள் வீட்டுக்குள் வந்து நிலத்தில் குந்திவிட்டான். பாமாக்காவுக்கு அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் யாழ்ப்பாணத்தில் நெஞ்சுக்குள் குழாய் வைத்து அனுப்பியிருந்தார்கள். அதிர்ச்சியான சேதி ஒன்றும் சொல்லவேண்டாம் என்று டொக்டர் நிருஜாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அண்ணன் போய்விட்டான், அம்மாவும் போய்விட்டால் என்ன செய்வேன் என்று நிருஜா என் குசினிக்குள் அடுப்படியில் நின்று வாயைச் சேலைத் தலைப்பால் அடைத்துக்கொண்டு அழுதாள். குழாய் வைத்த நெஞ்சு தேறும்வரை மறைப்போம் என்று முடிவெடுத்தார்கள். ரஜீபனுக்குத் தொண்டையில் ஒப்பரேசன், கொஞ்சக் காலத்துக்குக் கதைக்கக் கூடாது என்று ஒரு கதையைச் சோடித்தார்கள்.

கதைக்காத பிள்ளை கதைக்கவில்லை என்றால் பாமாக்கா தாங்குவார். கூடை வராததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அங்கே அவனை எரித்துக் காரியம் செய்துகொண்டிருந்த நாட்களில் இங்கே இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் படலைக்கும் விறாந்தைக்குமாக நடந்தார். தொண்டைக்குத்தானே ஒப்பரேசன், விரலுக்கு என்ன வந்தது என்று கேட்டார். நெஞ்சு நோகிறது என்று அவர் படுத்துவிட்ட பிறகு நிருஜா பயந்துபோய் அண்ணிக்குப் போன் எடுத்தாள். அண்ணி கோசலா, ரஜீபனின் மனைவி. அடுத்த நாள் விடிய, சேவல் கூவியது. கூடை வந்தது. "ரஜீபன் உங்களை நினைக்கிறார்."

பாமாக்கா எழும்பிக் கஞ்சி குடித்தார்.

அதற்குப் பிறகு கோசலா ஒருநாளும் தவறவில்லை. புருசனின் போனை எடுத்து, புருசனின் தோட்டத்துக்குள் போய், கரட்டைப் பிடுங்கிக் கூடையில் போட்டு மாமிக்கு அனுப்பினாள். தண்ணீரும் விட்டாள். காணி காய்ந்து கிடந்தால் அம்மா கண்டுபிடித்துவிடுவா என்று நிருஜா சொல்லியிருந்தாள்.

நாங்களும் எங்கள் பங்கைச் செய்தோம். ரஜீபனோடு படித்தவர்கள் கண்ணீர் அஞ்சலிப் பதாகை அடித்து இறங்குதுறையில் கட்டிவிட்டார்கள். அன்று பாமாக்கா படகேறிக் கிளினிக்குக்குப் போகிற நாள். தர்சன் முதல் படகுக்கு முன்னம் ஓடிப்போய் அதை அறுத்துச் சுருட்டினான். வெள்ளிக்கிழமைகளில் அவர் எங்கள் ஒழுங்கைப் பிள்ளையாருக்கு ரஜீபனின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்வித்தார். சாவுத் துடக்கோடு கோயிலுக்குள் போகிறாரே என்று நாங்கள் வெளியே நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வோம். ஐயருக்கும் தெரியும். பெயர் வருகிற இடத்தில் அவர் குரலை இறக்கி வாய்க்குள் விழுங்கிவிடுவார். ஐயருக்குத் தடிமனில் தொண்டை கட்டிவிட்டது போல என்று பாமாக்கா கொத்தமல்லி அவித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த மனிதன் அதை வாங்கிக் குடித்துவிட்டு மூலஸ்தானத்துக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

தை பிறந்தது. பொங்கலுக்கென்று கம்பனிக்காரன் ஒரு பானையை இறக்கினான். சேர்த்த புள்ளியைக் கொடுத்து வாங்கி வேண்டிய ஆளுக்கு அனுப்பலாம். அனுப்பினால் அவர்களின் தோட்ட வாசலில் பானை பொங்கி வழியும். பாமாக்கா வெள்ளாட்டுக்குச் சேர்த்து வைத்திருந்த புள்ளியை முழுக்கக் கொடுத்து மகனுக்கு ஒன்று வாங்கினார். அவனிடமும் அதேயளவு புள்ளி கிடக்கிறது, எனக்கும் ஒன்று அனுப்புவான் என்றார். நான் ஓம் என்று தலையாட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஒரு சாவு விழுந்த வீட்டில் ஒரு வருசம் முடிந்து ஆட்டத்திவசம் கழியும்வரை பொங்கல் இல்லை. இது இங்கே குழந்தைக்கும் தெரியும். நிருஜா என்ன செய்வாள்? எனக்குச் சுகமில்லை அம்மா, இந்த முறை பொங்கல் வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தாள். நீ படு, நான் பொங்குகிறேன், ஒப்பரேசன் வருத்தத்தால் எழும்பின என்ர பிள்ளைக்காகப் பொங்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். விடிய எழும்பி, முற்றத்தைத் தானே கூட்டி, கோலம் போட்டு, மூன்று கல் வைத்துப் பானையை ஏற்றினார். நான் என் முற்றத்தில் நின்று வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அடுப்பு எரியவேயில்லை. விறகில் பிழை இல்லை, என் கைதான் ஓடவில்லை.

பால் சூடேறத் தொடங்கியபோது பாமாக்கா போனை எடுத்து மகனுக்குப் பானையை அனுப்பினார். பிறகு போனைத் தேங்காய்த் தட்டத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். அவனுடைய பானையும் வந்துவிட்டால் இரண்டும் ஒன்றாகப் பொங்கும் என்று எனக்குச் சத்தமாகச் சொன்னார்.

அங்கே இரவு. கோசலா விழித்துத்தான் இருந்திருக்கிறாள். பிறகு அவள் நிருஜாவிடம் சொன்னதை நானும் கேட்டேன். மாமியின் பானை வந்து தோட்டத்தில் பொங்குவதைக் கண்டாளாம். பதிலுக்குப் பானைப் படத்தை அமத்தி அனுப்பவேண்டும் என்று தெரியுமாம். விரலை வைத்தாளாம். பொய்ப் பானைதான், போனுக்குள் இருக்கிற பானைதான். ஆனாலும் புருசன் செத்த வீட்டில் இருந்து, அவனுடைய பெயரால், ஒரு பொங்கற் பானையை அனுப்ப அவளால் ஏலவில்லை. அது அவனுக்குச் செய்கிற அநியாயமாகப் பட்டதாம். கையை எடுத்துவிட்டு வழக்கமான கூடையை அனுப்பினாள்.

சேவல் கூவியது. பாமாக்கா குனிந்து பார்த்தார். கரட், வெங்காயம், ஒரு பூசணி. "ரஜீபன் உங்களை நினைக்கிறார்."

பானையைக் காணவில்லை. பிறகு நிமிர்ந்து, விறாந்தையில் நின்ற நிருஜாவைப் பார்த்தார். பொங்கல் நாளில் தலை முழுகாமல், பானைக்குக் கிட்ட வராமல் நின்ற மகளை. பிறகு வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

பானையில் பால் எழும்பிக்கொண்டு வந்தது. பாமாக்கா குனிந்து, அடுப்பில் இருந்த விறகுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து மண்ணில் போட்டார். எழும்பிய பால் வழியாமல் மெல்ல இறங்கியது.

"கொண்ணன் எப்பயடி போனவன்?" என்று மகளிடம் கேட்டார்.

நிருஜா "கார்த்திகையில, அம்மா" என்றாள்.

பாமாக்கா கிணற்றடிக்குப் போனார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழப்போகிறார் என்று நாங்கள் பின்னால் ஓடினோம். அவர் விழவில்லை. வாளியை இறக்கி அள்ளி, கட்டிய சேலையோடு, தலையில் ஊற்றினார். மறுபடி அள்ளினார், மறுபடி ஊற்றினார். சாவு கேட்டவர் தோய்கிற தோய்ச்சல் அது. இரண்டு மாதமாக அவருக்கு நாங்கள் தராமல் வைத்திருந்தது.

ஈரச் சேலையோடு வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தார். கோசலாவுக்குப் போன் எடுத்துத் தரச் சொன்னார். நான்தான் இலக்கத்தை அமத்திப் போனை அவரின் காதில் வைத்தேன்.

"கோசலா, நான் தோய்ஞ்சிட்டன்" என்றார்.

கோசலா வாய் திறக்க முன்னம் அடுத்ததைக் கேட்டார்.

"எட்டுச் செலவுக்கு அவனுக்கு என்ன படைச்சனீர்?"

எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் ஆக்கிப் படைப்பது எங்கள் வழக்கம். கோசலா புட்டு, நண்டுக் கறி, கணவாய்ப் பிரட்டல், நல்ல மீன் கிடைக்கவில்லை மாமி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாமாக்கா ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்றார். முன்பு மகனோடு கதைத்த அதே ஓம்.

பிறகு கேட்டார்: "இவ்வளவு நாளும் அவனா நிண்டு எனக்குக் கூடை அனுப்பினனீர். நீர் எப்ப பிள்ளை அழுதனீர்?"

அப்போது அங்கே கோசலா வாய்விட்டு அழத் தொடங்கினாள். விறாந்தையில் நின்ற நிருஜாவுக்கும் கேட்டது. அவளின் சத்தத்தைக் கேட்டபிறகுதான் பாமாக்கா ஒப்பாரியை எடுத்தார். "என்ர ராசா" என்று தொடங்கிய அந்தக் குரல் ஒழுங்கை முழுக்கப் போனது. பொங்கிக்கொண்டிருந்த பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். எல்லோரும் இவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்தவர்கள். வந்து அவரைச் சுற்றி இருந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். நடுவில் போன் கிடந்தது. அதற்குள் கோசலா அழுதாள்.

ரஜீபனுக்கு எங்கள் ஊரில் செத்தவீடு நடந்தது அன்றைக்குத்தான்.