பள்ளத்திலிருந்து தூக்கி வந்தவர்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் சிலர் எங்கள் அண்ணனை முதன்முதலாகப் பார்த்தது உங்கள் வாழ்க்கையின் மிகக் கொடிய நாளில். மலைப்பாதையின் தடுப்புச் சுவரைப் பிடித்தபடி, கீழே பார்க்கவும் முடியாமல், பார்க்காமல் இருக்கவும் முடியாமல் நீங்கள் நின்றிருந்தபோது, இடுப்பில் கயிற்றோடு பள்ளத்திலிருந்து ஏறி வந்த மனிதர் அவர். அன்று அவர் பெயரைக் கேட்கும் நிலையில் நீங்கள் இருந்திருக்க மாட்டீர்கள். அவர் யார், எப்படி வாழ்ந்தார், எப்படிப் போனார் என்பதை அவருடைய முதலாம் ஆண்டு நினைவு நாளில் உங்களுக்கும் எங்கள் உறவினர்களுக்கும் சொல்ல வேண்டியது, கூடப் பிறந்த தங்கையாகிய என் கடமை.

அண்ணன் பிறந்தது சேலத்துக்கு மேலே மலையில், தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில். அப்பாவுக்கு நிழல் மரம் கழிக்கும் வேலை. காப்பிச் செடிகளுக்கு மேல் ஓங்கி நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் ஏறி, வெயில் இறங்கும் அளவுக்குக் கிளைகளை வெட்டி விட வேண்டும். மழைக்கு முந்திய ஒரு நாள் அப்பா மரத்திலிருந்து விழுந்தார். சேலத்துக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. அண்ணன் அப்போது எட்டாம் வகுப்பு. அந்த ஆண்டே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அதே மரங்களில் ஏறினார். அம்மா தடுத்துப் பார்த்தார், பிறகு தடுக்கவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் மிஷன் பள்ளியில் தங்கிப் படித்து ஆசிரியை ஆனது அண்ணன் ஏறிய மரங்களால்தான்.

அவரைப் பெரிய பக்திமான் என்று நான் எழுதினால், தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வருவார், ஆனால் கடைசி வரிசையில் உட்கார்ந்து பிரசங்கத்தின்போது தூங்கிவிடுவார். பாட்டு வராது. பீடி குடிப்பார். சட்டென்று கோபம் வரும். மிளகு பறிக்கும் காலத்தில் கூட வேலை செய்த செம்மநத்தம் வெள்ளையன் அண்ணன்தான் அவருக்கு உயிர்த் தோழர். வெள்ளையன் அண்ணன் மலை விவசாயி, நம் வேதத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் அண்ணன் வாழ்ந்த வேதம் என்னவென்று அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது.

அண்ணனுக்குத் திருமணமான புதிதில், மழையும் பனியும் சேர்ந்து மூடியிருந்த ஒரு காலையில், சுற்றுலா வேன் ஒன்று வளைவில் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. இறங்கத் தெரிந்த ஆள் யாராவது உண்டா என்று போலீஸார் பஜாரில் விசாரித்தார்கள். மரம் ஏறும் கயிற்றை எடுத்துக்கொண்டு அண்ணனும் வெள்ளையன் அண்ணனும் போனார்கள். ஒருவருக்கு மட்டும் மூச்சு இருந்தது. அவரும் அடிவாரம் போய்ச் சேரவில்லை. மற்றவர்களை ஒவ்வொருவராக மேலே கொண்டுவர மாலையாகிவிட்டது. அதில் கைக்குழந்தையும் ஒன்று.

வீட்டுக்கு வந்த அண்ணன் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கயிற்றைக் கழுவப் போனார். அண்ணி அப்போது கர்ப்பமாக இருந்தார்.

"ஏனுங்க, இனிமேட்டு இந்த வேலைக்குப் போவாதீங்க. நம்ம ஊட்லயும் ஒரு உசுரு வரப்போவுது" என்று அழுதார்.

 அடுத்த முறை ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தபோது அண்ணன் கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அதன் பிறகு மலைப்பாதையில் எந்த வண்டி விழுந்தாலும், வேடிக்கை பார்க்கப் போனவர் யார் பாறையிலிருந்து தவறினாலும், முதலில் தேடுவது எங்கள் அண்ணனைத்தான்.

ஏன் போகிறீர்கள் என்று நான் ஒரு முறை கேட்டேன்.

"அப்பா உளுந்தப்ப யாரோ ஒருத்தரு அவரு தலைய மடியில வெச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாரு கண்ணு. யாருன்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. எத்தன பேரு வந்தாங்கன்னு நெனப்பில்ல. அந்த மடி மட்டும் நெனப்பிருக்குது. கீழ கெடக்கறவங்களுக்கும் ஒருத்தர் வேணுமில்ல?"

கீழே என்ன செய்வார் என்பதை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை. வெள்ளையன் அண்ணன்தான் சொன்னார். "பொணத்துகிட்டப் பேசிக்கிட்டே வருவாப்லங்க. 'ஏனுங்க, கொஞ்சம் பொறுத்துக்குங்க, இந்தப் பாறையத் தாண்டிட்டா ரோடுதானுங்க'ம்பாப்ல. மொதல்ல கேக்கறப்ப எனக்குப் பயமாப் போச்சுங்க. அப்பறம் நானும் பேச ஆரம்பிச்சுட்டேன்."

மேலே வருவதற்கு முன் ஓரிடத்தில் நிறுத்தி, முகத்தில் இருக்கும் மண்ணையும் ரத்தத்தையும் தண்ணீரால் துடைத்து, வெள்ளைத் துணி போர்த்தித்தான் ரோட்டுக்குக் கொண்டுவருவார். யாராவது 'பாடி' என்று சொல்லிவிட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "பேரு தெரியலீன்னா 'அந்த அம்மா'ன்னு சொல்லுங்க, 'அந்தத் தம்பி'ன்னு சொல்லுங்க" என்று போலீஸ்காரரிடமே சத்தம் போட்டிருக்கிறார்.

இதற்கெல்லாம் ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியதாக எண்ணிவிடாதீர்கள். முதுகுக்குப் பின்னால் 'பொணந்தூக்கி' என்றார்கள். ஞானஸ்நான வீடுகளில் குழந்தையை அவர் கையில் கொடுக்கத் தயங்கினார்கள். அண்ணி அவருடைய துணிகளைத் தனியாக, யாரும் பார்க்காத நேரத்தில் துவைத்தார். அண்ணன் எல்லாவற்றையும் கண்டும் காணாதவராக இருந்தார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை, விருந்துகளுக்குப் போவதையே அவர் மெல்ல நிறுத்திக்கொண்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் கீழே சமவெளியிலிருந்து கல்லூரி மாணவி ஒருத்தி தனியாகப் பஸ் ஏறி வந்தாள். மறுநாள் அண்ணன் அவளைப் பள்ளத்திலிருந்து கொண்டுவந்தார். அவளாகவே உயிரை விட்டாள் என்று போலீஸார் எழுதிக்கொண்டார்கள். பெற்றோர் வந்தார்கள். அவர்களும் நம் திருச்சபையினர்தான். சேலம் ஆஸ்பத்திரி வாசலில் அந்தத் தகப்பனார் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க ஊருக்குக் கொண்டுவர வேண்டாம்னு சொல்லிட்டாங்க சார். சொந்தக்காரங்க யாரும் போனை எடுக்கல. என் பொண்ண எங்க கொண்டு போறதுன்னு தெரியல."

"எங்கூருக்குப் போலாமுங்க" என்றார் அண்ணன்.

ஆம்புலன்ஸ் கோயில் வளாகத்தில் வந்து நின்றதும் பங்குப் பேரவைப் பெரியவர்கள் கூடிவிட்டார்கள். கெட்டவர்கள் என்று யாரையும் சொல்ல மாட்டேன். மூத்தவர் ஒருவர் சொன்னதில் அவருடைய பயம் தெரிந்தது. "கல்லறை வேலிக்கு வெளிய வெச்சுக்கலாமுங்க. உள்ள வேண்டாம். நாளைக்கு நம்ம புள்ளைங்க இதப் பாத்து என்ன நெனைக்கும்? தப்பில்லன்னு ஆயிருமில்லீங்களா?"

அண்ணன் கூட்டத்தில் பேசிப் பழகியவர் அல்லர். அன்று பேசினார்.

"எங்கப்பா பக்கத்துல எனக்குன்னு எடம் உட்ருக்குது. அதுல அந்தப் புள்ளைய வெக்கறேனுங்க."

"அப்ப ஒனக்கு?"

"நம்ம ஆண்டவரை வெச்சது அவரு சொந்தக் கல்லறையிலயாங்க? இன்னொருத்தரு தனக்குன்னு வெச்சிருந்த எடந்தானுங்களே. அவருக்கே எரவல் எடம் போதுமாயிருந்துச்சு. எனக்கு எங்கயாச்சும் கெடைக்கும்."

 பங்குக்குப் புதிதாக வந்திருந்த இளம் சாமியார், "குழி எங்கன்னு காட்டுங்க. நான் அங்கி மாட்டிக்கிட்டு வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அண்ணனும் வெள்ளையன் அண்ணனும் தூறலில் நின்று குழி வெட்டினார்கள்.

பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தத் தாய் அண்ணனிடம் வந்து, "நீங்கதானே பார்த்தீங்க, என் புள்ள முகம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"தூங்கற மாதிரித்தானுங்க இருந்துச்சும்மா" என்றார் அண்ணன்.

அப்படி இருக்கவில்லை என்று வெள்ளையன் அண்ணன் பின்னால் என்னிடம் சொன்னார். அண்ணன் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அது.

அந்தப் பெண்ணுக்கு இடம் கொடுத்ததற்கான விலையை அண்ணன் மகள் ரீட்டா கொடுத்தாள். அவளுக்குச் சேலத்தில் ஓர் இடம் பேசி முடிந்திருந்தது. பையனும் நல்ல பையன். இந்தச் செய்தி அவர்கள் காதுக்குப் போனதும், "பொணம் எடுக்கற ஊடுன்னு நீங்க மொதல்லயே சொல்லலியே" என்று போனிலேயே முடித்துக்கொண்டார்கள். ரீட்டா அன்று அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். நானும் அங்கிருந்தேன்.

"செத்தவங்களுக்கெல்லாம் எடம் குடுத்தீங்க. உசுரோட இருக்கற எனக்கு எங்க எடம், அப்பா?"

 அண்ணன் எழுந்து மிளகுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். ரீட்டா ஓசூரில் ஒரு கம்பெனி வேலைக்குப் போனாள். தன் அம்மாவிடம் மட்டும் போனில் பேசுவாள். பேசும்போது அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காதில் விழுந்தது போதும் என்பதுபோல் இருப்பார். கேட்டு வாங்கிப் பேசியதில்லை.

பிறகு ஒரு மழைக்காலத்தில் லாரி ஒன்று பள்ளத்தில் கவிழ்ந்தது. டிரைவர் உயிரோடு கத்திக்கொண்டிருப்பது ரோடு வரை கேட்டது. அண்ணி வாசலை மறித்து நின்றார். "அந்த டிரைவரு பொண்டாட்டி வந்து கேக்கற மாதிரி இருக்குது, வழி உடு" என்று சொல்லி அண்ணன் போனார். டிரைவரைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பியாயிற்று. அடுத்து அண்ணன் ஏறும்போது மழையில் ஊறிய மண் சரிந்து, பாறை ஒன்று அவர் முதுகில் விழுந்தது. அன்று அவரைத் தூக்கி வந்தவர் வெள்ளையன் அண்ணன்.

இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "அவரு?" என்று கேட்டார். டிரைவர் விழுந்த அன்று மாலையே இறந்துவிட்டிருந்தார். மறைக்க அண்ணிக்கு மனம் வரவில்லை. அண்ணன், "பேரு என்னன்னு கேட்டுச் சொல்லு" என்றார்.

அவருடைய கடைசி மாதங்கள் அமைதியாகக் கழிந்தன என்று எழுத எனக்கு ஆசைதான். முதுகில் படுக்கைப் புண் வந்தது. வலியில் அண்ணியைத் திட்டினார், பிறகு அழுதார். நற்கருணை கொடுக்க வந்த சாமியாரிடம், "செபம் வர மாட்டேங்குதுங்க சாமி. வாயத் தொறந்தா வலிதான் வருது" என்றார். சாமியார் ஒன்றும் போதிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் காலில் உணர்வில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

ரீட்டா வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தாள்.  வந்த அன்றே ஒரு பிளேடை எடுத்து, வளர்ந்து கிடந்த அவர் கை நகங்களை ஒவ்வொன்றாக வெட்டினாள். புண்களைத் துடைத்தாள். அறைக்குள் நாற்றம் தாங்க முடியாத நாட்களிலும் தட்டை எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஒரு பிற்பகலில் வெள்ளையன் அண்ணன் அவருக்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னம் முடிந்திருந்தது. அப்போது மூச்சு நின்றது. வெள்ளையன் அண்ணன் உடனே எங்களைக் கூப்பிடவில்லை. இன்னொரு கன்னத்தையும் பதமாகச் சிரைத்து முடித்து, சோப்பு நுரையைத் துண்டால் ஒற்றி எடுத்த பிறகுதான், "கண்ணு ரீட்டா, அம்மாவக் கூப்புடு சாமி" என்றார்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அண்ணனின் கல்லறையை அப்பாவின் பக்கத்தில் தேட வேண்டாம். கல்லறைத் தோட்டத்தின் கீழ்க்கோடியில், தண்ணீர் வடியும் வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. மழைக்கு மண் இறங்கிவிடுகிறது. ரீட்டா கல் வைத்துக் கட்டி வருகிறாள்.

மாதக்கணக்கில் அண்ணனைப் புரட்டிப் படுக்க வைக்க முறை போட்டு வந்த அக்கம்பக்கத்தாருக்கும், வீடு தேடி வந்து புண்ணுக்குக் கட்டுப் போட்ட நர்ஸம்மாவுக்கும், அவரை மலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஏற்றி இறக்கிய ஜீப் டிரைவர்களுக்கும், தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் பெட்டிக்குத் தோள் கொடுத்த ஸ்டேஷன் காவலர்களுக்கும், பங்குச் சாமியாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. வெள்ளையன் அண்ணனுக்கு நன்றி சொன்னால் அவர் எங்கள் வீட்டுப் படி ஏற மாட்டார். அதனால் சொல்லவில்லை.

அண்ணன் செய்த வேலைக்கு இன்று வரை வேறு ஆள் வரவில்லை. வெள்ளையன் அண்ணனுக்கு முழங்கால் போய்விட்டது. போன மாதம் ஒரு காலை அண்ணனின் போன் ஒலித்தது. ஸ்டேஷனுக்கு வந்திருந்த புதியவர் யாரோ, அண்ணன் இல்லை என்பது தெரியாமல் கூப்பிட்டுவிட்டார். பைக்கில் வந்த கணவன் மனைவி. கணவர் பள்ளத்தில் விழுந்துவிட்டாராம். அண்ணி, "அவரு இல்லீங்க" என்று சொல்லிப் போனை வைத்தார்.  பிறகு ஒரு கம்பளியையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, ரீட்டாவோடு ஜீப்பில் ஏறினார். ஒரு நாள்கூட அந்த வேலைக்கு மனமொப்பாத அண்ணி அவர்.

சேலத்திலிருந்து தீயணைப்புக்காரர்கள் வந்து சேர மதியம் கழிந்துவிட்டது. அதுவரை தடுப்புச் சுவர் ஓரம் நடுங்கிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைக் கம்பளியால் சுற்றி அணைத்தபடி அண்ணி தரையில் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்துத்தான் அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க யாருங்க?"

"பக்கத்து ஊடுதானுங்க கண்ணு. தண்ணி குடிங்க" என்றார் அண்ணி.

அந்த வளைவில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வீடே கிடையாது.

கண்ணீருடன்,
தங்கை