சென் துரோப்பே போய்வந்த ஆனந்தராசா

நியூசிலாந்தில், ஓக்லாந்து நகரின் மனுரேவாவில், இறைச்சியை உறைய வைக்கும் பண்டகசாலை ஒன்றில் ஆனந்தராசா இருபத்திரண்டு வருடம் வேலை செய்தார். முதலில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார், பிறகு மேற்பார்வையாளர். கோடையிலும் இரண்டு ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஆட்டிறைச்சிப் பெட்டிகளுக்கு நடுவே நடமாடிய மனிதர். அவரைக் குறை சொல்ல ஓக்லாந்துத் தமிழர் யாருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. புகழவும் ஒன்றும் அகப்படவில்லை. இந்த இரண்டாவது விஷயம்தான் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

தமிழ்ச் சங்கத்தில் புகழெல்லாம் மாசி என்ற புறநகரில் குடியிருக்கும் சற்குணத்துக்கே போய்ச் சேர்ந்தது. சற்குணம் சொகுசுக் கப்பலில் பசிபிக் தீவுகளைச் சுற்றி வந்தவர். திரும்பி வந்து இரண்டு வருடமாகியும் அவர் இன்னும் கரையிறங்கவில்லை. கோயில் அன்னதானத்தில் பருப்புக் கறியை வாங்கிக்கொண்டே, "ஷிப்பிலை டெசேர்ட் மட்டும் பன்னிரண்டு வகை" என்பார்.

மனைவி புஷ்பவதியின் தம்பி மகளுக்குப் பாரிசில் கல்யாணம் என்று செய்தி வந்ததும் ஆனந்தராசா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கலியாணம் முடிய அஞ்சு நாள் சென் துரோப்பே போறம்."

"அது எங்கையப்பா இருக்கு?" என்றாள் புஷ்பவதி.

"பிரான்சிலை, மத்தியதரைக் கடற்கரையிலை. உலகத்துப் பணக்காரர் எல்லாம் வந்து வெயில் காயிற இடம்."

"நாங்கள் ஊரிலை காய்ஞ்சது காணாதோ?"

காணாது; போதவே போதாது. வெள்ளை லினன் கால்சட்டை வாங்கினார். தொப்பி வாங்கினார். காலுறையில்லாமல் போடும் சப்பாத்தும் வாங்கினார். மகள் பிரணவி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டாட், யூ லுக் லைக் அன் ஐஸ்கிரீம் மேன்" என்றாள். ஒனிஹங்கா மண்டபத்தில் நடந்த சங்கக் கூட்டத்தில் பயணத்தை அறிவித்தபோது, ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் வரும் 'z' எழுத்தை உச்சரிக்கக்கூடாது என்பதை அவர் மூன்று பேருக்குத் தனித்தனியாகத் திருத்திச் சொன்னார்.

அந்த ஊருக்கு ரயில் இல்லை என்பது போன பிறகுதான் தெரிந்தது. இருப்பது ஒரே சாலை. ஜூலை மாதம், வாடகைக் காருக்குள் மூன்று மணி நேரம் ஊர்ந்தார்கள்.

"மாசிக்குப் போற மோட்டர்வே மாதிரித்தான் கிடக்கு," என்றாள் புஷ்பவதி.

தங்குமிடம் ஊரிலிருந்து பதினைந்து கிலோமீற்றர் தள்ளி, சுற்றுலாக்காரர் கூடாரமடிக்கும் மைதானத்தில் நின்ற ஒரு கேரவன் வண்டி. ஆனந்தராசா அதை 'வில்லா' என்றே கடைசிவரை குறிப்பிட்டார்.

துறைமுகத்தில் வீடுகள் வரிசையாக நிற்பதுபோல உல்லாசப் படகுகள் முதுகைக் காட்டி நின்றன. மேல்தட்டில் மெலிந்த மனிதர்கள் அமர்ந்து எதையோ கொறித்துக்கொண்டிருந்தார்கள். கரையில் ஆயிரம் பேர் நின்று, அவர்கள் கொறிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே உலகத்தின் நாலாபக்கத்திலிருந்தும் விமானமேறி வந்திருந்தார்கள்.

"ஆக்கள் சாப்பிடேக்கை இப்பிடிப் பாத்தால் வயித்துக்குத்து வராதோ?" என்று புஷ்பவதி கேட்டாள்.

ஆனந்தராசா ஒரு படகின் கயிற்றில் சாய்ந்து படம் எடுக்கச் சொன்னார். வெள்ளைச் சீருடைக்காரன் ஒருவன் கையை வீசித் துரத்தினான். படத்தில் அந்தக் கையும் விழுந்துவிட்டது. மாலுமி வரவேற்கிறான் என்று பின்னால் விளக்கம் சொல்லப்பட்டது.

மறுநாள், பெயர்பெற்ற ஒரு கடற்கரை உணவகத்தின் வாசலில் பட்டியலோடு நின்ற பெண் அவரை மறித்தாள். முன்பதிவு இல்லை. "நியூசிலாந்திலிருந்து வருகிறோம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தார். அவள் அழகாகச் சிரித்தாள், அசையவில்லை. பெயர்ப்பலகையை மட்டும் படம் பிடித்துக்கொண்டு, வேலியோரமாகச் சுற்றிப் போனார்கள். பின்பக்கம், சமையலறைக் கதவடியில், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மீன் செதில் உரித்தபடி தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார்.

"மட்டி கழுவியே கை விறைச்சுப் போச்சு மச்சான்."

புஷ்பவதி நின்றுவிட்டாள். "தம்பி, எந்த ஊர்?"

"வேலணை அக்கா. நீங்கள்?"

அவர் பெயர் கௌசிகன், அங்கே சமையற்காரர். ஐந்து நிமிடத்தில், குப்பைத்தொட்டிகளுக்கும் வெற்றுப் பெட்டிகளுக்கும் நடுவே இரண்டு முக்காலிகள் வந்தன. பணியாளர்களுக்கென்று அவர் வைத்திருந்த மீன்குழம்பும் சோறும் வந்தன. சென் துரோப்பே வந்த பிறகு ஆனந்தராசாவின் வயிறு அன்றுதான் நிறைந்தது.

"உள்ளுக்கை இருக்கிறவைக்கு இது கிடைக்காது அண்ணை," என்றார் கௌசிகன். "அவை சாப்பிட வாறேல்லை, இருக்க வருகினம். அரைவாசி பிளேட் அப்பிடியே திரும்பி வரும்."

ஆனந்தராசா விரலை நக்கிவிட்டு மெல்லக் கேட்டார். "உள்ளுக்கை போய் ஒரு படம் எடுக்கேலுமோ?"

"நானே ஏழு வருசமாய் முன்வாசலாலை போனதில்லை அண்ணை."

அவர்கள் புறப்படும்போது கௌசிகன் தன் தொலைபேசி எண்ணைத் தந்து, திரும்ப வந்தால் சொல்லச் சொன்னார்.

ஓக்லாந்து திரும்பியதும் ஒனிஹங்கா மண்டபத்தில் படக்காட்சி நடந்தது. உணவகத்தின் பெயர்ப்பலகை திரையில் வந்ததும், "இஞ்சைதான் நாங்கள் மத்தியானம் சாப்பிட்டது" என்றார் ஆனந்தராசா. சற்குணம் விடவில்லை.

"என்ன சாப்பிட்டனீங்கள்?"

"மீன். செஃப் தானே வந்து பரிமாறினவர்."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் மூன்றாம் வரிசையிலிருந்து புஷ்பவதியின் குரல் கேட்டது. "ஓம், பின்னாலை, குப்பைத்தொட்டியடியிலை. கௌசிகன் எண்டு வேலணைத் தம்பி. தங்கமான மனிசன்."

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் ஆனந்தராசா, "என்னை ஏன் அப்பிடி அவமானப்படுத்தினீர்?" என்றார்.

"நீங்கள் ஏன் அந்தத் தம்பியின்ரை பேரைச் சொல்லேல்லை?" என்றாள் அவள்.

ஆனந்தராசா அடுத்த இரண்டு கூட்டங்களுக்குத் தலைவலி என்று போகாமல் இருந்தார்.

பிறகு தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. முதலில் அழைத்தவர் கோதண்டராமன், ஐடியில் வேலை செய்யும் சங்க உறுப்பினர். "சார், செப்டம்பர்ல ஐரோப்பா போறோம். அந்த குக் நம்பர் கிடைக்குமா? ஆமா சார், பின்பக்கமே போதும்."

அன்று சிரித்தவர்களில் ஒன்பது பேர் வரிசையாகக் கேட்டார்கள். ஆனந்தராசாவின் தலைவலி பறந்தது. எண்ணைக் கொடுத்து, எந்த மாதம் போகலாம், எந்தக் கதவைத் தட்டலாம் என்று அரைமணி நேரம் ஆலோசனை சொன்னார். கௌசிகனிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று கேட்டவர்களுக்கும் தோன்றவில்லை, கொடுத்தவருக்கும் தோன்றவில்லை.

பத்தாவதாகச் சற்குணம் அழைத்தார். ஆனந்தராசா அவருக்கும் மரியாதையாக, கௌசிகனின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஒன்றை மட்டும் மாற்றிச் சொன்னார்.