சம்மாந்துறை வயலில் ஒரு மரக்கலப் பலகை

கடலே இல்லாத ஒரு துறைமுகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. தை மாதத்தில் மூன்று நாள் லீவு கிடைத்ததும் கல்முனையில் அறை எடுத்துவிட்டேன். "அங்கே வயல்தானே இருக்கு?" என்று தோழிகள் சிரித்தார்கள். வயல்தான். அதைப் பார்க்கத்தான் போனேன்.

காலை 6.20க்குக் கல்முனையில் பஸ். காரைதீவுச் சந்தியில் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினால் சம்மாந்துறை. பத்து கிலோமீட்டர் இருக்கும், டிக்கெட் 70 ரூபாய். ஒரு காலத்தில் இங்கே வரைக்கும் தண்ணீர்வழி இருந்ததாம். சம்மான் என்ற சிறு மரக்கலங்கள் துணியும் சாடியும் இறக்கி, நெல் ஏற்றிப் போனதால்தான் இந்தப் பெயர் என்கிறார்கள். பிறகு மணல் சேர்ந்து வழி அடைபட்டது. கப்பல்களும் பெரிதாகி வேறு துறைகளுக்குப் போயின. தங்கிவிட்ட வியாபாரிகள் கலப்பை பிடித்தார்கள். எப்போது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை.

வயல் பார்க்க ஆட்டோ, போக வர 600 ரூபாய். ஓட்டியவரைக் காக்கா என்றே அழைத்தேன், இங்கே அண்ணனுக்கு அதுதான் பெயர். பனி விலகாத பச்சைக்குள் கதிர்கள் சாய்ந்து நிமிர, தரையில் போகிற உணர்வே எனக்கு இல்லை. தூக்கம் போதாததாலும் இருக்கலாம்.

தன் வயலைக் காட்ட ஓரிடத்தில் நிறுத்தினார். வாய்க்காலைக் கடக்கும்போது காலடியைக் கவனித்தேன். பாலமாகக் கிடந்த கறுத்த பலகையின் ஓரமெல்லாம் வரிசையாகத் துளைகள். ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மரக்கலத்தின் பலகை. குந்தியிருந்து தடவினேன். கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"கிணறு தோண்டக்குள்ள வந்திச்சு. மிச்சம் இன்னும் கீழ கிடக்கு. மண்ணப் போட்டு மூடிட்டன்," என்றார்.

"ஏன் காக்கா யாருக்கும் சொல்லல்ல?"

"சொன்னா தொல்பொருள்காரங்க வந்து கயிறு கட்டி, கால் வெக்காதீங்க எண்டுவாங்க. ரெண்டு ஏக்கர்தான் இரிக்கி தங்கச்சி. மகள்ட நிக்காஹ்வுக்கு இத எழுதிக் குடுக்கிற எண்டு பேசியாச்சு. காணி போனா அந்தப் பேச்சும் போயிரும்."

இந்தப் பக்கத்தில் வீடும் வயலும் பெண்பிள்ளைக்குத்தான்.

அதற்குள் நான் பதினான்கு படம் எடுத்திருந்தேன். பயணப் பதிவு எழுதுகிறவள் என்று ஆட்டோவிலேயே சொல்லியிருந்தேன், இப்படியொரு பதிவு எனக்கு இனி வாய்க்காது. அவர் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "மரத்தப் பத்தி எழுதுங்க. இடத்த எழுதாதீங்க," என்றார். "ஓம் காக்கா," என்று அவர் முன்னாலேயே எல்லாப் படங்களையும் அழித்தேன். மனசு கேட்கவில்லை, இப்போதும் வலிக்கிறது. அவர் தேத்தண்ணி வாங்கித் தந்தார்.

போகிறவர்கள் பத்து மணிக்குள் வயலைப் பார்த்துவிடுங்கள், பிறகு வெயில் மண்டையைப் பிளக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் கடை திறந்திருக்காது, தண்ணீர் கொண்டுபோங்கள். ஊரைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் வயல் அழகுதான். எவருடைய வயல் என்று மட்டும் கேட்காதீர்கள். ஓரிரு அடையாளங்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். நிக்காஹ் பங்குனியில். அதற்குப் பிறகு கேட்டாலும் சொல்ல மாட்டேன்.